சாம்பிராணி நூஹுவும் பதினோரு ஓட்டையும்

வெள்ளிக்கிழமை காலையில் முதலமடைக் கடைத்தெருவில் வரிசையாக நாலு பேர் இருமினால், நூஹு வந்துவிட்டான் என்று அர்த்தம். இடது கையில் கம்பி கட்டிய தகர டப்பா, அதற்குள் கொட்டாங்கச்சிக் கங்கு, வலது கையில் மயிலிறகு விசிறி. கங்கின்மேல் ஒரு சிட்டிகை சாம்பிராணித் தூளைத் தூவி இரண்டு விசிறு விசிறினால் மளிகைக் கடை, மருந்துக் கடை, மாங்காய் மண்டி எல்லாம் ஒரே மணமாகிவிடும். கல்லாவுக்கு மூன்று சுற்று, தராசுக்கு ஒரு சுற்று, முதலாளி முகத்துக்கு அரைச் சுற்று. பிள்ளையார் படம் மாட்டிய கடை, மக்கா படம் மாட்டிய கடை என்ற பேதமெல்லாம் புகைக்குக் கிடையாது. இருமலும் எல்லோருக்கும் பொதுதான்.

இந்த நூஹுவைத்தான் இன்றைக்குப் பொள்ளாச்சி முதல் மூணாறு வரை டர்போ வண்டி வைத்திருப்பவர்கள் போன் போட்டுத் தேடுகிறார்கள். சிரிக்க வேண்டாம். அவனுடைய மச்சான் ஷபீரின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் சுவரில் ஓர் ஆணியில் சாண் நீளத்துக்குக் கறுப்பு ரப்பர் குழாய் ஒன்று தொங்குவதைப் பார்க்கலாம். அதில் பதினோரு ஓட்டை. அதைத் தூக்கிப் போடச் சொன்னால் நூஹுவுக்குக் கோபம் வரும். கோபமே வராத ஆள் அவன் என்பதால் ஊரே அவ்வப்போது போய்ச் சொல்லிப் பார்க்கிறது.

புகைக்காரன் எப்படி வண்டி வைத்தியன் ஆனான் என்பதற்குக் குப்பண்ணன் சாட்சி. மாந்தோப்புக்காரர் குப்பண்ணன் ஆசை ஆசையாக வாங்கிய டர்போ வண்டி, நெல்லியாம்பதி ஏற்றத்தில் பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. ஷபீர் நாலு நாள் பானெட்டுக்குள் தலையை விட்டுக் கிடந்தான். ஒன்றும் பிடிபடவில்லை. குப்பண்ணன் ஸ்டூல் போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

“ஏனுங் ஷபீரு, நான் வாங்குனது வண்டியா, எருமையா? எருமைன்னாலும் அடிச்சா நாலடி நடக்குமுங்க.”

அன்று வெள்ளிக்கிழமை. நூஹு வழக்கம்போல உள்ளே வந்து, ஸ்பேனர் பலகைக்கு ஒரு சுற்று, ஷபீரின் முதுகுக்கு ஒரு சுற்று போட்டுவிட்டு, வண்டிக்கும் ஒன்று இருக்கட்டும் என்று ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்மேல் விசிறினான். புகை எல்லாப் பக்கமும் பரவ வேண்டும் அல்லவா? பரவவில்லை. ஒரு கீற்று மட்டும் தனியாகப் பிரிந்து, வளைந்து, ஒரு ரப்பர் ஓஸின் அடிப்பக்கத்தில் போய்ச் சடாரென்று காணாமல் போனது. நூஹு மறுபடி விசிறினான். மறுபடி அதே இடத்தில் போய் ஒளிந்தது.

“மச்சான், இங்க பாருங்க. இவன் பொகை குடிக்கிறான்!”

ஷபீர் ஓஸைத் திருப்பிப் பார்த்தான். கண்ணுக்கே தெரியாத இடத்தில் நகம் அளவுக்கு ஒரு கீறல். நாலு நாளாகப் பிடிபடாத திருடன், இரண்டே விசிறலில் அகப்பட்டுவிட்டான். நூஹு குப்பண்ணனின் கையைப் பிடித்து இழுத்துவந்து அவருடைய ஆள்காட்டி விரலை அந்தக் கீறல்மேல் வைத்தான். விரலை அது உறிஞ்சியது. குப்பண்ணன் குழந்தை போலச் சிரித்தார். விரலை எடுப்பதும் வைப்பதுமாக அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அன்றிலிருந்து நூஹுவுக்கு அது சட்டம். ஓட்டையைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, வண்டிக்காரர் தன் விரலால் அதைத் தொட வேண்டும். தொட்டால்தான் வேலை முடிந்தது. பின்னால் வந்து யாரும் கண்கட்டு வித்தை என்று சொல்லக் கூடாது பாருங்கள்.

டர்போ என்பது ஒன்றும் மாயமில்லை. எஞ்சின் விடுகிற புகையின் வேகத்தில் ஒரு காற்றாடி சுற்றும். அது வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். திணித்த காற்று வழியில் ஓட்டை கண்டு நழுவினால் இழுவை போச்சு. வண்டி நின்ற இடத்தில் சும்மா உறுமும்போது கதை நேர்மாறு: அப்போது குழாய்க்குள் வேக்கம், அதாவது உறிஞ்சல். ஓட்டை இருந்தால் கணக்கில் இல்லாத காற்று உள்ளே புகுந்து எஞ்சின் தள்ளாடும். இந்த இரண்டையும் காட்டத்தான் சிலர் டாஷ்போர்டில் பூஸ்ட் கேஜ் என்று ஒரு வட்ட மீட்டரை வைக்கிறார்கள். நடுவில் சுழி. உறிஞ்சும்போது முள் இடப்பக்கம் அசையாமல் கிடக்க வேண்டும். மேடு ஏறும்போது வலப்பக்கம் ஓட வேண்டும். முள் நடுங்கினாலோ, ஏற மனமில்லாமல் பாதியில் நின்றாலோ, நூஹுவுக்குப் போன்.

ஓடும் எஞ்சினில் ஓட்டை புகையைக் குடிக்கும். நிறுத்திய எஞ்சினுக்குள் புகையை ஊதினால் ஓட்டை அதைத் துப்பும். இதற்கென்று நூஹு மூடி போட்ட ஒரு டப்பா செய்துகொண்டான். ஒரு பக்கம் காலால் மிதிக்கும் காற்றுப் பம்பு, மறுபக்கம் நீளக் குழாய். பெட்ரோல் வாடை உள்ள இடத்துக்குக் கங்கு வரக் கூடாது என்று பத்தடி தள்ளியே வைப்பான்.

தொழில் இப்படிக் கொடிகட்டிப் பறக்க, கல்யாணம் மட்டும் கைகூடவில்லை. வயது முப்பத்துமூன்று. ஒவ்வொரு வீட்டிலும் எல்லாம் சரியாகப் போகும், கடைசியில் யாராவது ஒருவர் “பையன் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுறவனாமே” என்பார். அத்தோடு தேநீர் ஆறிவிடும். அக்கா பாத்து கெஞ்சிப் பார்த்தாள்.

“அந்த டப்பாவத்தான் உட்டுத் தொலையேண்டா. மெக்கானிக்குன்னு மட்டும் சொல்லிக்கலாமல்ல.”

“பொகை இல்லாட்டி நான் ஆருக்கா? ஓட்டையக் கண்டுபிடிக்கிறது நானா, பொகைதான?”

பாத்து டப்பாவை விட்டுவிட்டு வரன் தேடுவதிலேயே இறங்கினாள். சூரியநெல்லியில் ஒன்று கிடைத்தது.

சூரியநெல்லி பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் மீரான் ராவுத்தரின் மகள் சுஹைனா. பி.காம். முடித்துவிட்டுக் கடையில் அத்தாவுக்குத் துணையாக இருக்கிறாள். அத்தாவின் டர்போ காரைப் போடிமெட்டு வளைவுகளில் அத்தாவை விட நன்றாக ஓட்டுகிறாள். பெண் பார்க்கப் போன இடத்தில் இருவரும் தனியாகப் பேசப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். நூஹு தேநீர்க் கோப்பையில் கீறல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள்தான் ஆரம்பித்தாள்.

“எங்க கார்ல ஒரு பூஸ்ட் கேஜ் இருக்கு. பழைய ஓனர் வச்சது. அத்தாவுக்கு அது உசுரு. சும்மா நிக்கிறப்ப முள்ளு ஏன் இடது பக்கம் கெடக்குது?”

அவ்வளவுதான், மடை திறந்தது. மீதி ஒன்பதரை நிமிஷமும் நூஹு ஓட்டைகளைப் பற்றியே பேசினான். கீறிய ஓஸ், தளர்ந்த கிளாம்ப், எலி கடித்த குழாய். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்.

“அந்தக் கேஜுக்குப் போற குழாய் இருக்குதுங்கல்ல, குச்சியாட்டம்? பக்கத்துலயே காத்தளக்குற சென்சாரு. அதுல ஒரு ஊசி ஓட்டை போதுமுங்க. வண்டிக்குள்ள இருக்குற கம்ப்யூட்டரு பயந்துபோயி இழுவையக் கொறச்சுரும். டர்போ அழுதுரும்.”

“ஒரே ஒரு ஊசியா?”

“ஒண்ணே ஒண்ணு போதுமுங்க.”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நூஹு திரும்பி வரும் பேருந்தில் மறையூர் வரை நினைத்துக்கொண்டே வந்தான். மறையூருக்குப் பிறகும் அதையேதான் நினைத்தான்.

மூன்றாம் நாள் மீரான் ராவுத்தர் பாத்துவுக்குப் போன் செய்தார். “ஏம்மா, பொகைச்சட்டி தூக்குறவன்னு ஏன் சொல்லலை? இங்கிட்டு ஒரு ஊதல், அங்கிட்டு ஒரு ஊதல், எல்லாம் கண்கட்டு வித்தை. ஊரை ஏமாத்துறவனுக்கு நான் மகளைக் குடுக்க மாட்டேன்.” சுஹைனா தனக்குப் பிடித்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லியும், ராவுத்தர் அந்த நேரம் பார்த்துச் சர்க்கரை எடை போட ஆரம்பித்துவிட்டாராம்.

நூஹு உடைந்துபோனான். அந்த வெள்ளிக்கிழமை மருந்துக் கடையில் கல்லாவை மறந்து, நின்றுகொண்டிருந்த நோயாளியைச் சுற்றி மூன்று சுற்றுப் போட்டான். நோயாளி பயந்து வீட்டுக்கே போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து, மற்றொரு வெள்ளிக்கிழமை, ஷபீரின் போன் அடித்தது. பேசியவன் டிஜோ, சூரியநெல்லிப் பக்கத்து மெக்கானிக். ஃபில்டர் மாற்றினானாம், கிளாம்ப் எல்லாம் புதிதாகப் போட்டானாம், டர்போவைக் கழற்றிப் பார்த்து மாட்டினானாம். “முள்ளு கெடந்து ஆடுது சேட்டா. எஞ்சின் லைட் எரியுது. வண்டி வலிக்கிறதே இல்லா, இழுவையே இல்லா. ஞான் தோத்து. அந்தப் புகைக்காரனை ஒண்ணு அனுப்பி விடு.” வண்டி யாருடையது என்று ஷபீர் கேட்டான். மீரான் ராவுத்தருடையது. ஞாயிற்றுக்கிழமை போடியிலிருந்து வேறொரு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள். அவர்களைத் தன் காரிலேயே அழைத்துவருவதாக ராவுத்தர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

கேட்டதும் நூஹுவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வண்டியைச் சரிசெய்தால் அதே வண்டியில் அவளுடைய மாப்பிள்ளை வந்து இறங்குவான். சரிசெய்யாவிட்டால் புகை பொய் என்று ஆகிவிடும்.

“போகாத, மானங்கெட்டுப் போயிரும்” என்றாள் பாத்து.

“நோவுன்னு கூப்புட்டா போகோணுமுங்க்கா” என்று சொல்லி அவன் சாம்பிராணியைப் பொட்டலம் கட்டினான். உண்மையைச் சொன்னால், ஒரு தடவை அவளைப் பார்க்கலாம் என்பதும் அந்தப் பொட்டலத்துக்குள் இருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பி, மூன்று பேருந்து மாறி, மதியத்துக்குமேல் சூரியநெல்லி போய்ச் சேர்ந்தான். பஜாரில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. கடை வாசலில் கார், காரைச் சுற்றி எஸ்டேட் சனம். மீரான் ராவுத்தர் அவனைப் பார்த்ததும் டிஜோவை முறைத்தார்.

“ஆள் வருதுன்ன. இவனா?”

“நாந்தானுங்க மாமா” என்றான் நூஹு.

“யாரு யாருக்கு மாமா?”

கூட்டம் சிரித்தது. நூஹு பத்தடி தள்ளிப் போய்க் கங்கு மூட்டினான். கடை வாசற்படியில் சுஹைனா ஒரு நொடி வந்து நின்றாள். அவனைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தாள். கூரையில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

எஞ்சின் நின்றிருந்தது. காற்று போகும் வாயை அடைத்து, குழாயைச் செருகி, பம்பை மிதிக்கச் சொல்லி டிஜோவை நிறுத்தினான். மீரான் ராவுத்தர், முள்ளைத் தானே கவனிப்பதாகச் சொல்லிக் காருக்குள் ஏறி, குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்தார். புகை உள்ளே போனது. எங்கே வெளியே வருகிறது என்று பார்க்கத்தான் முடியவில்லை. பானெட்டுக்குள்ளும் வெள்ளை, வெளியிலும் வெள்ளை. எது புகை, எது மூட்டம்?

கூட்டத்தில் ஒருவர், “சாமியையே கும்பிடுற மாதிரி நிக்கிறான்யா” என்றார். உண்மைதான், நூஹு கண்ணை மூடிக்கொண்டிருந்தான். மூட்டத்துக்கு மணம் கிடையாது, சாம்பிராணிக்கு உண்டு. மூக்கை ஒவ்வொரு ஓஸாகக் கொண்டுபோனான். முழு எஞ்சினையும் முகர்ந்தாயிற்று. ஒரு துளி மணம் இல்லை. பானெட்டுக்குள் ஓட்டையே இல்லை.

மூடிய கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ராவுத்தரின் குரல் வந்தது. “என்னாப்பா, கண்கட்டு வித்தை முடிஞ்சுச்சா? இம்புட்டுத்தானா?”

நூஹுவின் காது சிவந்தது. அப்போதுதான் உள்ளேயிருந்து ஓர் இருமல் கேட்டது. அடுத்து இரண்டு. கேஜுக்குப் பின்னாலிருந்து வெள்ளைப் புகை சுருள் சுருளாகக் கிளம்பி ராவுத்தரின் தாடிக்குள் புகுந்துகொண்டிருந்தது. “தீ! தீ!” என்று அலறியபடி கதவைத் திறந்து குதித்தார். ஒரு செருப்பு வண்டியிலேயே நின்றுவிட்டது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

“தீ இல்லீங்க மாமா, வாசம் புடிச்சுப் பாருங்க! கெடைச்சிருச்சு!” நூஹு ஒரே தாவில் உள்ளே நுழைந்தான். ஊரே முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்ததே தவிர, முள்ளுக்குப் பின்னால் யாரும் பார்க்கவில்லை. நோயைச் சொல்லவென்று வைத்த கேஜிடமே நோய் இருந்திருக்கிறது. கேஜைக் கழற்றி வெளியே இழுத்தான். பின்னாலிருந்த கறுப்புக் குழாய் பூவாளி மாதிரிப் புகை துப்பியது. எண்ணினான். பத்து ஓட்டை. பதினோராவது ஓட்டையில் அதைப் போட்ட ஊசியே குத்தி நின்றது. முத்து வைத்த ஊசி, முக்காட்டில் குத்துகிறார்களே, அது.

நூஹு மெல்லத் தலையைத் தூக்கி வாசற்படியைப் பார்த்தான். சுஹைனாவின் முக்காட்டில் வலது பக்கம் ஒரு முத்து ஊசி. இடது பக்கம் வெறும் சேஃப்டி பின். அவள் இன்னும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் முகம் முழுக்கச் சிவப்பு.

நூஹு ஊசியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். தனக்காக ஒருத்தி தன் அத்தாவின் உயிரான வண்டியைப் பதினோரு தடவை குத்தியிருக்கிறாள்! பஜாரே கேட்கக் கத்த வேண்டும்போல இருந்தது. அடுத்த நொடியே ராவுத்தர் நினைவுக்கு வந்தார். ஊசியை உருவி உள்ளங்கையில் மறைத்தால் அவள் தப்பிப்பாள். ஆனால் அதுதான் அசல் கண்கட்டு வித்தை. காட்டினால் சட்டப்படி வேலை முடியும். ஊர் நடுவில் அவள் தலை குனியும். விரல்கள் ஊசிமேல் போயின.

அதற்குள் ராவுத்தர் பின்னால் வந்து நின்றார். “எங்க? ஓட்டையைக் கையால தொடணும்னு சட்டம் வச்சிருக்கியாமே? டிஜோ சொன்னான். காட்டு.” கேட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை, விரலை விட்டார். “ஆ!” என்று உதறினார். உதறிய விரலோடு ஊசியும் வந்தது.

ராவுத்தர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கூட்டம் கழுத்தை நீட்டியது.

“எலியாயிருக்கும்” என்றான் டிஜோ.

“முத்து ஊசி வச்சிருக்குற எலியா?” ராவுத்தர் நூஹுவின் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு. இது யார் வேலை?”

“மாமா, ஓட்டை எங்க இருக்குதுன்னு கண்டுபுடிக்கிறதுதானுங்க என்ற வேலை. போட்டது ஆருன்னு கண்டுபுடிக்கிறது என்ற வேலை இல்லீங்க.”

ராவுத்தர் அவனை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தார். பிறகு வாசற்படியைப் பார்த்தார். சுஹைனா படியிறங்கி வந்து கையை நீட்டினாள்.

“என் ஊசிதான் அத்தா. வாயால ஒரு தடவை சொன்னேன், நீங்க சர்க்கரை எடை போட்டீங்க. அதான் ஊசியால பதினோரு தடவை சொன்னேன்.” சொல்லிவிட்டு நூஹுவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். “ஒண்ணு போதும்னீங்க? குத்திக் குத்திக் கை வலிச்சுப் போச்சு. பெரிய மெக்கானிக்கு!”

நூஹு தலையைச் சொறிந்தான். “ஒண்ணு போதுமாயிருக்குமுங்க. ரப்பரு கொஞ்சம் தடிசு” என்றான்.

கூட்டத்தில் யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் டிஜோ சிரித்தான். ராவுத்தர் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துப் பார்த்தார். சாம்பிராணி மணக்கும் தாடி ஆடியது, பிறகு தோள் ஆடியது, கடைசியில் ஒற்றைச் செருப்போடு படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

நூஹு ஓட்டை விழுந்த துண்டை வெட்டி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். புதுக் குழாய் போட்டு, கேஜை மாட்டி, எரிந்த லைட்டை அணைத்து, சாவியைத் திருப்பினான். எஞ்சின் பூனை போல உறுமியது. முள் இடப்பக்கம் போய் ஆடாமல் அசையாமல் படுத்தது. ராவுத்தர் அவனைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் பின்னாலிருந்த தேயிலை மேட்டில் ஒரே மிதியாக ஏற்றினார். முள் வலப்பக்கம் ஓடியது. “ஏறுது பாரு! ஏறுது பாரு!” என்று ஸ்டீயரிங்கைத் தட்டினார். திரும்பி வந்து நிறுத்தியும் எஞ்சினை அணைக்க மனமில்லை. “அந்த டப்பாவைக் கொண்டாந்து கடைக்குள்ள ரெண்டு சுத்து போட்டுட்டுப் போ” என்றார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

அப்போது அவருடைய போன் அடித்தது. போடிக்காரர்கள். நாளைக்கு எத்தனை மணிக்குக் கார் வரும் என்று கேட்கிறார்கள். ராவுத்தர் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைப் பார்த்தார். படுத்திருந்த முள்ளைப் பார்த்தார். முக்காட்டில் முத்து ஊசியைத் திரும்பக் குத்திக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார்.

“அதை ஏங்க கேக்குறீங்க, வண்டி ரிப்பேரு” என்றார் போனில். “ஆமாங்க, முதலமடையில இருந்து ஆளை வரவழைச்சும் பாத்தாச்சு. கண்டுபிடிக்கவே முடியலையாம். நாளைக்கு மட்டும் இல்லீங்க, இந்த வண்டி இனிமே உங்க ஊருப் பக்கம் வர்ற மாதிரியே தெரியலை.”

நூஹுவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முதலமடைக்காரனுக்குக் கண்டுபிடிக்க முடியவில்லையா? பஜாரே பார்த்ததே!

“கண்டுபுடிச்சாச்சல்லங்க மாமா!” என்று கத்திவிட்டான்.

சுஹைனா நெற்றியில் அடித்துக்கொண்டாள். ராவுத்தர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, “சும்மா இருய்யா” என்றார்.

யாருக்கு யார் மாமா என்று இந்தத் தடவை அவர் கேட்கவில்லை.